விடுதி நண்பர்களிடம் இயேசுவைப் பற்றி எப்படிப் பேசுவது?

தம்பி,

இதே நிலையில் இருக்கும் வேறு பிள்ளைகளும் படிக்கக்கூடும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மதுரையில் ஒரு கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். விடுதி அறையில் உங்களோடு மேலூர்ப் பக்கத்து இந்துக் குடும்பத்துப் பையன் ஒருவன் இருக்கிறான்; பெரியாரைப் படித்துவிட்டுக் கடவுள் இல்லை என்று சொல்லும் இன்னொருவனும் இருக்கிறான். வகுப்பில் பக்கத்து இருக்கையில் கோரிப்பாளையத்திலிருந்து வரும் முஸ்லிம் நண்பன். மூவரும் உங்களுக்கு உயிர். ஊரில் வாலிபர் கூட்டத்தில், "நீ சொல்லாமல் விட்டால் அவர்களுடைய இரத்தப்பழி உன் தலைமேல்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து நண்பர்களின் முகத்தைப் பார்த்தாலே மனம் குத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படித் தொடங்குவது, பிரசாதம் கொடுத்தால் என்ன செய்வது, சிக்கல் வந்தால் சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்கிறீர்கள்.

முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். இரத்தப்பழி என்ற பேச்சு எசேக்கியேல் 33ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. பாபிலோனில் சிறைப்பட்டிருந்த தன் சொந்த ஜனத்துக்குக் காவலாளனாக வைக்கப்பட்ட ஒரு தீர்க்கதரிசிக்குச் சொல்லப்பட்ட வார்த்தை அது. அதை எடுத்து ஒரு கல்லூரி மாணவனை மிரட்டுவது வேதத்தைக் கையாளும் முறை ஆகாது. பயத்தோடு பேசுகிறவனுக்குத் தன் பாரம் இறங்கினால் போதும். எதிரில் இருப்பவன் என்ன நினைக்கிறான் என்று கேட்கப் பொறுமை இருக்காது. கல்லூரி மாணவர்களோடு பல ஆண்டுகளாக வேதபாடம் நடத்தி வருகிறேன். நட்பு முறிந்த கதைகள் பலவற்றை அவர்கள் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை இந்த அவசரத்தால் முறிந்தவைதான்.

நான் சொல்ல விரும்புவது இதுதான்: உங்கள் விசுவாசத்தை மறைக்காதீர்கள், அதே வேளையில் நட்பைத் தூண்டிலாக ஆக்காதீர்கள். கேட்கவும் மறுக்கவும் நண்பனுக்கு முழு உரிமை இருக்கிறது என்று மனதார ஒப்புக்கொண்ட பிறகே வாய் திறக்க வேண்டும்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் வசனம் 1 பேதுரு 3:15. "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா என்று சிதறிக் கிடந்த விசுவாசிகளுக்கு எழுதிய நிருபம் இது. சுற்றியிருந்தவர்கள் அவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள், பழி சொன்னார்கள். அந்த நிலையிலும் பேதுரு அவர்களைத் தெருவில் நின்று வாதாடச் சொல்லவில்லை. மற்றவர்கள் விசாரித்துக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்கிறார். பதிலில் சாந்தமும் மரியாதையும் இருக்கச் சொல்கிறார்.

அப்படியானால் நண்பன் ஏன் கேட்கப்போகிறான்? மதுரை விடுதிகளை வைத்துச் சொல்கிறேன். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வரும் பையன்கள் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒருவரையொருவர் "எந்த ஊர், எந்தத் தெரு" என்று விசாரிப்பது எதற்கு என்று உங்களுக்கே தெரியும். யாரோடு ஒரே தட்டில் சாப்பிடலாம், யாரோடு சுற்றலாம் என்பதை அந்த விசாரணை முடிவு செய்கிறது. கையில் கட்டும் கயிற்றின் நிறத்துக்குக்கூடப் பொருள் இருக்கும் மாவட்டங்கள் நம்முடையவை. அந்த இடத்தில் ஒரு கிறிஸ்தவ மாணவன் தன் சாதிக்காரர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் சேராமல், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டு, சாதிச் சண்டை வரும்போது அடிபட்டவன் பக்கம் நின்றால், "நீ மட்டும் ஏன் இப்படி?" என்று யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். அப்போது சொல்லுங்கள். தேர்வு அறையில் பார்த்து எழுதாமல் இருப்பதும், வாங்கிய கடனைச் சொன்ன நாளில் திருப்பித் தருவதும் வேண்டியவைதான். ஆனால் இந்த மண்ணில் சாதியைப் போலக் கூர்மையான சோதனை வேறில்லை. அதில் தோற்றுவிட்டு ஆயிரம் கைப்பிரதி கொடுத்தாலும் பயன் இல்லை.

உங்கள் பெரியாரிய நண்பன் இதைத்தான் முதலில் கையில் எடுப்பான். "உங்கள் சபையில் சாதி இல்லையா? கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதி இல்லையா?" என்று கேட்பான். தற்காத்துப் பேசாதீர்கள். இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளுங்கள். அது கிறிஸ்துவின் பெயருக்கே இழுக்கு என்று சொல்லுங்கள். "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்று கலாத்தியர் 3:28இல் எழுதப்பட்டதற்கு எதிராக நம்முடைய ஆட்களே நடக்கிறார்கள் என்று நீங்களே சொன்னால், அவன் அடுத்த கேள்வியை உண்மையாகக் கேட்பான். அது பெரும்பாலும் உயிர்த்தெழுதலைப் பற்றியதாக இருக்கும்: செத்தவன் எழுந்து வருவானா? அங்கே மழுப்ப வேண்டியதில்லை. பவுலே எல்லாவற்றையும் அந்த ஒன்றின்மேல்தான் வைக்கிறார்: "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா." பகுத்தறிவு பேசுகிற நண்பனுக்கு இந்த வசனம் பிடிக்கும். தன் விசுவாசம் பொய்யாகிவிடக்கூடிய இடம் எது என்று தானே சுட்டிக்காட்டுகிற ஒருவரோடு விவாதிக்கலாம் என்று அவன் உணர்வான்.

சாதியைப் பற்றிப் பேசும்போது நம் ஊரின் பழைய கதை ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ராபர்ட் டி நொபிலி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு 1606இல் மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற போர்த்துக்கீசியக் குரு இங்கே ஆண்டுக்கணக்கில் இருந்தார். மதுரைக்காரர்களில் ஒருவர்கூட அவர் பேச்சைக் கேட்டு வரவில்லை, ஏனென்றால் ஊராருக்கு அது பரங்கியரின் மார்க்கமாகத்தான் தெரிந்தது. நொபிலி தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார், காவி உடுத்தார், இறைச்சியை விட்டார், தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். உடன் இருந்த பெர்னாந்தஸே அவர்மேல் புகார் எழுதினார். வழக்கு ரோம் வரை போய், 1623இல்தான் போப்பாண்டவர் நொபிலியின் முறைக்குப் பெருமளவு அனுமதி தந்தார்.

நொபிலியின் காவியைவிட அவருடைய படிப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எதிரில் இருப்பவர் எதை நம்புகிறார் என்று அவருடைய மொழியிலேயே, அவருடைய நூல்களிலிருந்தே கற்ற பிறகுதான் பேசினார். ஆனால் சாதிப் பிரிவினையை அவர் அப்படியே விட்டுவைத்தார். உயர்சாதியினர் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்றார். ஒடுக்கப்பட்டவர்களிடையே பணியாற்றப் பண்டார சாமிகள் என்று வேறு குருக்களை ஏற்படுத்தும் நிலை வந்தது. அந்தச் சமரசத்தின் விலையைத் தமிழகத் திருச்சபை இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம். இரண்டையும் சேர்த்தே உங்கள் பெரியாரிய நண்பனிடம் சொல்லுங்கள்.

மேலூர் நண்பனுக்கு வருவோம். அவனோடு வாக்குவாதமே வராது. அதுதான் அங்கே கடினம். "எல்லாச் சாமியும் ஒன்றுதான்டா, நாங்களும் மாதாவைக் கும்பிடுவோம்" என்று அன்போடு சொல்லிவிடுவான். அவன் அம்மா வேளாங்கண்ணிக்குப் போயிருப்பார், அல்லது கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பார். இதை ஏளனம் செய்யாதீர்கள், பாதி வெற்றி என்று கணக்கும் போடாதீர்கள். சித்திரைத் திருவிழாவுக்கு அவன் அழைத்தால் அழகர் ஆற்றில் இறங்குவதைப் போய்ப் பாருங்கள். தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சிக்கொண்டு வருகிறவர்கள் என்ன நேர்ந்துகொண்டு அப்படி வருகிறார்கள், அவன் வீட்டில் யாருக்கு முடியிறக்கினார்கள், குலதெய்வம் எது என்று கேளுங்கள். நீங்கள் கும்பிட வேண்டியதில்லை. அவனும் அதை எதிர்பார்க்க மாட்டான். அவன் தன் வீட்டுப் பக்தியைச் சொல்லி முடித்த பிறகு, "நான் இயேசு ஒருவரைத்தான் கும்பிடுகிறேன், ஏன் என்று சொல்லட்டுமா?" என்று கேட்டால் அது இரு நண்பர்களின் பேச்சாக இருக்கும். ஏன் ஒருவரை மட்டும் என்பதுதான் உங்களுக்கும் அவனுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு. அதை மூடி மறைத்து, எல்லாம் ஒன்றுதான் என்று நீங்களும் தலையாட்டினால் அது அவனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அத்தேனே பட்டணத்தில் பவுல் செய்ததை அப்போஸ்தலர் 17இல் வாசியுங்கள். ஊர் முழுக்கச் சிலைகளைப் பார்த்து உள்ளத்தில் வைராக்கியம் அடைந்தவர்தான். ஆனால் அந்த ஊர் மன்றமான அரியோபாகுவில் நின்று பேசியபோது அவர்களுடைய பலிபீடத்திலிருந்து தொடங்கினார், அவர்களுடைய புலவர்களின் வரியை எடுத்துச் சொன்னார். கேட்டவர்களில் சிலர் பரிகாசம் செய்தார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார்கள், தியொனீசியு, தாமரி போன்ற சிலர் விசுவாசித்தார்கள். பவுல் பேசியதற்கே இவ்வளவுதான் பலன். பரிகாசம் செய்தவர்களை அவர் சபிக்கவும் இல்லை.

பிரசாதம் பற்றி. மேலூர் நண்பன் அழகர்கோயில் தோசையை உங்களுக்கென்று பொட்டலம் கட்டி எடுத்து வருவான். 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்கள் இந்தச் சிக்கலுக்காகவே எழுதப்பட்டவை போல இருக்கும். சந்தையில் விற்பதையும், விருந்துக்கு அழைத்தவர் வீட்டில் வைப்பதையும் மனச்சாட்சியைப் போட்டுக் குழப்பாமல் சாப்பிடுங்கள் என்கிறார் பவுல். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சிக்காக வேண்டாம் என்கிறார். இதைப் புரிந்துகொள்வதில் நம் சபைகளுக்குள் வேறுபாடு உண்டு. நான் சாப்பிடுவதில்லை. ஆனால் எப்படி மறுக்கிறோம் என்பதுதான் பெரிது. "எனக்காக நினைத்து எடுத்து வந்தாயே, அது போதும். படைத்ததைச் சாப்பிடுவதில்லை என்பது எங்கள் வழக்கம்" என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். வாங்கி வைத்துக்கொண்டு அவன் போன பிறகு குப்பையில் போடுவது மிகக் கேவலமான செயல். அவன் அக்கா கல்யாணத்துக்குப் போய், விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, மொய்யும் எழுதிவிட்டு வாருங்கள். கிறிஸ்துமஸுக்கு அவனை வீட்டுக்கு அழையுங்கள். வந்த இடத்தில் அவனை முன்னால் நிறுத்திச் சாட்சி சொல்லச் சொல்ல வேண்டாம் என்று வீட்டாரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

கோரிப்பாளையத்து நண்பனோடு பேசுவது வேறு மாதிரி. இயேசுவை அவனுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஈசா நபியை அவன் மதிக்கிறான். குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்துக்கு மர்யம் என்றே பெயர். கன்னியிடம் பிறந்தார் என்பதையும் அவன் நம்புகிறான். பிரிகிற இடம் இரண்டு: அவர் தேவனுடைய குமாரன் என்பது, அவர் சிலுவையில் மரித்தார் என்பது. முதலாவதில், கடவுளுக்கு மனைவியும் பிள்ளையும் இருப்பதாக நாம் சொல்கிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கலாம். நாம் அப்படி நம்பவில்லை என்று சொன்னாலே பாதிச் சுவர் விழும். அவன் நோன்பு வைக்கிறபோது எதற்காக வைக்கிறான் என்று கேளுங்கள். நம்முடைய உபவாசத்தைப் பற்றி அவனும் கேட்பான். நபிகளைப் பற்றி ஒரு குறைச்சொல்லும் உங்கள் வாயில் வரக்கூடாது. யூடியூபில் வரும் மத விவாதக் காணொளிகளை அவனுக்கு அனுப்பவே கூடாது.

மூவருக்கும் பொதுவாக ஒன்று. சபைக்குள் பேசும் பேச்சை விட்டுவிட்டு, இயேசு என்ன செய்தார், என்ன சொன்னார் என்ற கதையைச் சொல்லுங்கள். படிக்க விரும்பினால் மாற்கு சுவிசேஷத்தைக் கொடுங்கள். 16 அதிகாரங்கள்தான், ஒரு மாலையில் முடித்துவிடலாம். பழைய மொழிபெயர்ப்பின் நடை பழக்கம் இல்லாதவர்களைத் தடுக்கும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அவர்களுக்கு எளிதாக இருக்கும். உங்கள் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லும்போது கூட்டிச் சொல்லாதீர்கள். இயேசுவிடம் வந்தால் அரியர் போய்விடும், வேலை கிடைக்கும், நோய் தீரும் என்று வாக்குக் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. நண்பனின் தாயார் இராஜாஜி மருத்துவமனையில் படுத்திருந்தால் ரத்தம் கொடுங்கள், இரவில் துணைக்கு இருங்கள், சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். "ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டு அவன் சரி என்றால் சுருக்கமாக ஜெபியுங்கள்; வேண்டாம் என்றால் உங்கள் அறையில் ஜெபியுங்கள். உதவிக்கு ஈடாக உங்கள் பேச்சைக் கேட்டாக வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு வரக்கூடாது.

சட்டத்தைப் பொறுத்தவரை, அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், மதத்தைக் கைக்கொள்ளவும், பின்பற்றவும், பரப்பவும் உள்ள உரிமையையும் எல்லோருக்கும் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. 'பரப்ப' என்ற உரிமை வேண்டுமா என்று 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் விவாதம் நடந்தது. அதை ஆதரித்தவர்களில் ஒருவர், பின்னாளில் மத்திய நிதியமைச்சரான நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. கிறிஸ்தவ நிறுவனங்களில் பல ஆண்டுகள் படித்த தன்னை மதம் மாற்ற யாரும் முயன்றதில்லை என்று அவர் அங்கே சொன்னார். 1881இல் பசுமலையில் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1948இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரி போன்றவற்றை வைத்திருக்கும் மதுரையில், அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது இன்று உங்களைப் போன்ற மாணவர்களின் கையில் இருக்கிறது. 1977இல் உச்ச நீதிமன்றம் ஸ்டெயினிஸ்லாஸ் வழக்கில், பரப்புவது என்றால் கொள்கையை எடுத்துச் சொல்வதுதான், இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. வேறு பல மாநிலங்களில் கடுமையான சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. வேலைக்கு அங்கே போனால் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கல்லூரி வளாகத்துக்கு அதன் சொந்த விதிகளும் உண்டு. வகுப்பறையில் கைப்பிரதி கொடுப்பதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றைச் சபையில் பலர் சொல்வதில்லை. நண்பன் பட்டியல் சாதியைச் சேர்ந்தவனாக இருந்து கிறிஸ்தவனானால், பட்டியல் சாதிகள் பற்றிய 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி அந்தத் தகுதியை இழப்பான். இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியருக்கும், 1990 முதல் பௌத்தருக்கும்தான் அது பொருந்தும். தமிழ்நாட்டில் அப்படி மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். கல்வி உதவித்தொகை, இட ஒதுக்கீடு எல்லாம் மாறும். இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் அவன் இதைத் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். ஞானஸ்நானத்துக்கு அவசரப்படுத்தாதீர்கள். வீட்டுக்குத் தெரியாமல் அழைத்துப் போவது கூடவே கூடாது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளில் பலருக்கு 18 வயதுகூட நிறைந்திருக்காது. அம்மா அப்பாவிடம் தானே பேசும் தைரியம் அவனுக்கு வரும்வரை காத்திருங்கள். அது ஆண்டுகள் ஆனாலும் சரி.

மூவரும் வேண்டாம் என்றே சொன்னால்? அப்போதும் அதே அறை, அதே நட்பு. மூன்றாம் ஆண்டு முடிந்த பிறகும் அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய் வருகிறவராக இருங்கள்.

கடைசியாக, உங்கள் வாலிபர் குழுவில் நண்பர்களின் பெயரை எழுதி வாங்குகிறார்கள், மாதம் எத்தனை பேரிடம் பேசினாய் என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பெயரைக் கொடுக்காதீர்கள். அந்தப் பட்டியல் எந்தக் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. தன் பெயர் தனக்குத் தெரியாமல் ஒரு கூட்டத்தில் வாசிக்கப்பட்டது என்று அறிந்தால் உங்கள் நண்பன் எப்படி உணர்வான் என்று அவர்கள் யோசிக்கவும் இல்லை. கூட்டத்தில் எதிர்த்துப் பேச வேண்டாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரைத் தனியே பார்த்து, "என் நண்பர்களுக்காக நான் தினமும் ஜெபிக்கிறேன் ஐயா, பெயர்களை மட்டும் கேட்காதீர்கள்" என்று சொல்லுங்கள். அவர் வற்புறுத்தினால் எனக்கு எழுதுங்கள். அவரிடம் நானே பேசுகிறேன்.